ராணியின் மேல் போட்ட பழி

எங்கள் இன்ஜினியர் செர்பியாக்காரர். அவர் கைப்பேசியில் ஒரு மலைக்கோட்டையின் படம் இருந்தது: உச்சியில் இடிந்த மதில், அடிவாரத்தில் ஓர் ஆறு. வளைகுடாவில், முவைலா கட்டட சைட்டில் மதிய ஓய்வின்போது, ஃபோர்மேனாக இருந்த என்னிடம் அதைக் காட்டி, தன் ஊர்க் கோட்டை என்பார். துருக்கியப் படைக்கு அஞ்சி அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னன் கட்டியதாம். ஆற்றிலிருந்து உச்சிவரை குடியானவர்களை வரிசையாக நிறுத்தி, கைமாற்றிக் கைமாற்றியே கல்லை ஏற்றினார்களாம். கூலி கிடையாது. ஆனால் ஊரார் இன்றும் சபிப்பது மன்னனை அல்ல, வேற்று நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ராணியை. “கட்டச் சொன்னவன் தப்பிச்சான், பழி அவ மேல” என்று ஆங்கிலத்திலும் அரைகுறை இந்தியிலும் சொல்லி, இது நியாயமா என்று கேட்பார். நியாயஸ்தர் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

என் அறையில் தங்கியிருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; ராமநாதபுரத்துக்காரர். சாரம் கட்டுபவர். ஒரு காலையில் ஐந்தாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அவர் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. பெல்ட்டின் கொக்கியை மாட்ட வேண்டிய கயிற்றைத்தான் முந்தைய நாளே அவிழ்த்து அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கயிறு கேட்டு நான் நச்சரித்தபோது, “நாளைக்கு வரும், வேலை நடக்கட்டும், யல்லா, சீக்கிரம்” என்றவர் இதே இன்ஜினியர். நானும் அண்ணனை ஏறவிட்டேன்.

மாலையில் அறிக்கை தயாராகிவிட்டது. ‘தொழிலாளி பெல்ட் அணியவில்லை.’ கீழே இன்ஜினியரின் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும்.

“போட்டிருந்தார் சார். நீங்களும்தான் பார்த்தீங்க.”

“கலாஸ், முடிஞ்சுபோச்சு. எனக்கும் குடும்பம் இருக்கு. கையெழுத்துப் போடு.”

“உங்க ஊர்ல பழியை ராணி மேல போட்டாங்க. இங்க செத்தவர் மேல போடுறீங்களா?”

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை. காவல் நிலையத்துக்குப் போய் கயிறு அவிழ்த்ததையும், நான் ஏறவிட்டதையும் சொன்னேன். அறிக்கை மாறியது. அடுத்த வாரமே என் வீசாவை ரத்து செய்து அனுப்பினார்கள். இன்ஜினியரை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஊர் வந்ததும் அண்ணனின் வீட்டுக்குப் போனேன்.

“பெல்ட்டு போடாமத்தான் விழுந்தாகன்னு கம்பெனிக்காரவுக அன்னைக்கே போன்ல சொன்னாகளே தம்பி?” என்றார் அண்ணி.

“பொய், அண்ணி. போட்டிருந்தார். நாங்கதான் கயிறு இல்லாம ஏத்திவிட்டோம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நாங்கன்னா? நீங்களுமா தம்பி?”

“ஆமா அண்ணி. நானுந்தான்.”