பின்பக்கத்து டம்மி

அண்ணனுடைய வேனுக்கு இன்ஜின் வேலை செய்தது நான்தான். தென்காசி வேன் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இன்ஜின் எதனால் போனது என்று கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்வது பொய். உண்மை எனக்கு மட்டும் தெரியும். மூன்று வருடமாக அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் சோறு தின்கிறேன்.

ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து, குற்றாலம் போகிற சாலையில் ஒர்க்ஷாப் போட்டவன் நான். பனியில் உறைந்த லாரியைக் கிளப்பிய கதையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வேன். அதைக் கேட்காமல் தப்பித்தவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். மற்ற மெக்கானிக்குகளை நான் மதித்ததே இல்லை. ஒரு வண்டி என்னிடம் வந்தால், அதற்கு முன்னால் அதில் கை வைத்தவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன். இப்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. என்ன, திட்டும்போது முன்னைப்போல ருசிக்கவில்லை.

அண்ணன் வேறு மாதிரி ஆள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். முதலாளி விரலைச் சொடுக்கினால் ஓட வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து முதல் கவளம் எடுத்தவர், வாசலில் அந்தச் சொடுக்கல் கேட்டதும் இலையை மூடிவிட்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எப்படியோ பாடுபட்டு ஒரு பழைய வேனை வாங்கினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்த அன்று என் தோளில் கைபோட்டு, "இனி ஒருத்தன்ட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம்லே" என்றார். லாபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் நான் கெடுத்தேன்.

மூன்றாம் வருடம் வேன் புகை தள்ள ஆரம்பித்தது. அப்போது மே மாதம். ஜூனில் சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிடும். ரயிலில் வந்து இறங்குகிற கூட்டத்தை அருவி அருவியாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் ஸ்டாண்டில் எல்லோருக்கும் பிழைப்பு. சீசனை விட்டால் வருடமே போச்சு. இன்ஜினை முழுசாகப் பிரித்து நானே வேலை செய்து தருகிறேன், ஜூன் முதல் தேதி வண்டி ஸ்டாண்டில் நிற்கும் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். யாரும் என்னிடம் தேதி கேட்கவில்லை. அண்ணன்கூடக் கேட்கவில்லை.

இன்ஜின் பிளாக்கை வார்க்கும்போது அதில் வட்டமாகச் சில ஓட்டைகள் விட்டிருப்பார்கள். உள்ளே ஓடுகிற தண்ணீர் அந்த வழியே வெளியே வந்துவிடாமல் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன தகட்டு மூடியால் அடைத்திருப்பார்கள். எங்கள் பட்டறைகளில் அதற்கு டம்மி என்று பேர். இன்ஜினைப் பிரித்தால் எல்லா டம்மியையும் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். ராணுவத்தில் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. எனக்கு வந்த செட்டில் ஒரு டம்மி அளவு சேராமல் லொடலொடவென்று இருந்தது. வேறொன்று திருநெல்வேலியிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். நான் சொன்ன தேதிக்கு இருந்ததே மூன்று நாள், இன்ஜினை மாட்டி முடிக்கவே அது முழுசும் வேண்டும். பின்பக்கம், கியர் பாக்ஸை மாட்டிவிட்டால் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்த பழைய டம்மியைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். கணீர் என்றது. துணியால் துடைத்து, மேலே பெயிண்ட் அடித்து, அப்படியே விட்டுவிட்டேன். வேறொருவன் இதைச் செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன்.

வேலை முடிந்த இன்ஜினில் முதல் தண்ணீர் அருவித் தண்ணீராக இருக்க வேண்டும் என்று அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு ஆசை. சாரலுக்கு முன்னால் ஐந்தருவியில் என்ன கொட்டும்? ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்ததைக் காத்திருந்து ஒரு கேனில் பிடித்து வந்தார். அதில் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்டைக் கலந்து ஊற்றினேன். முதல் தேதி வண்டி ஸ்டாண்டில் நின்றது. நான் மீசையை முறுக்காத குறைதான்.

பத்து நாளில் அண்ணன் வந்தார். எங்கேயோ தண்ணீர் குறைகிறது, தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றார். ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டிக் காற்று அடித்துப் பார்த்தேன். அழுத்தம் காட்டுகிற முள் இறங்கவே இல்லை. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. குளிர்ந்த இன்ஜினில் எதுவும் தெரியாமல், சூடேறிய பிறகு மட்டும் கசிகிற ஓட்டைகள் உண்டு. அது எனக்குத் தெரியும். பின்பக்கத்து டம்மி நினைவுக்கு வரவில்லையா என்று கேட்டால், வந்தது. மறந்தே போய்விட்டேன் என்று சொன்னால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். புதிதாக வேலை செய்த வண்டியில் பத்து நாளிலேயே கியர் பாக்ஸை இறக்கினால் சாலையில் போகிறவனெல்லாம் நின்று என்ன ஏது என்று கேட்பான். ஹோஸ் கிளிப்பை இரண்டு சுற்று முறுக்கிவிட்டு, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது முறை வந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. பிளாக்கில் துரு விடுகிறது, அதெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்றேன். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடியைத் திருகிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். கூலண்டும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான், அதில் மஞ்சள் விழுந்தாலும் அப்படிச் சிவக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வரவில்லை. வேலை சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளத்தானே ஆசைப்பட்டேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம் போன் வந்தது. ஒரு வெளியூர்க் குடும்பம் பாலருவியும் பார்க்க வேண்டும் என்றதால் அண்ணன் புளியரை தாண்டி மலையேறியிருக்கிறார். வளைவில் வண்டி நின்றுவிட்டது. நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வேன் ஓரமாக நின்றது. இன்ஜின் இறுகிப்போய், தள்ளினாலும் திருப்பினாலும் அசையவில்லை. ரேடியேட்டரில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் ஸ்டாண்டு டிரைவர்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். இப்போதுதான் இன்ஜின் வேலை செய்தது என்று சொன்னாயே, எந்த மடையன் செய்தான் என்று கேட்டார்.

அந்த மடையன் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"காலைல தண்ணி பாத்தியளாண்ணே?"

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் காலித் தண்ணீர் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. ஐந்தோ ஆறோ இருக்கும். வழி நெடுக நிறுத்தி நிறுத்தி ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. ஸ்டாண்டு டிரைவர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாக்கலலே. மறந்துட்டேன்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தண்ணீர் பார்க்காமல் ஓட்டினால் எப்பேர்ப்பட்ட மெக்கானிக் வேலை செய்தாலும் இன்ஜின் தாங்காது என்று அந்தப் பெரியவருக்குக் கேட்கிற மாதிரி ஒரு பாடமே எடுத்தேன். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பெரியவர் விரலைச் சொடுக்கி, வேறு வண்டி கொண்டுவா என்றார். அண்ணன் ஓடினார்.

மறுநாள் காலையில் ஒர்க்ஷாப்பில் கியர் பாக்ஸை இறக்கினேன். முன்னமே இறக்கியிருக்க வேண்டியது, எல்லாம் முடிந்த பிறகு இறங்கியது. பின்பக்கத்து டம்மியிலிருந்து கீழே வரைக்கும் விரல் அகலத்துக்கு மஞ்சள் படிந்திருந்தது. கடைசி நாட்களில் கூலண்டுக்கு வழியில்லாமல் வெறும் தண்ணீராகவே ஊற்றியிருப்பார். அதனால் மஞ்சள் மஞ்சளாகவே காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி மோந்து பார்த்தேன். சாம்பார் வைக்கிற வீட்டு வாசம் அடித்தது. ரேடியேட்டரில் சின்னக் கசிவு இருந்தால் ஒரு கை மஞ்சள் பொடி போட்டுச் சமாளிப்பது எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு வழக்கம். அது ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். இரண்டாவது முறை நான் காற்று அடித்துப் பார்த்திருந்தாலும் கசிவை அது மறைத்திருக்கும். மறைக்காவிட்டாலும் நான் பார்த்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

பழைய டம்மியை உளி வைத்துத் தட்டி எடுத்தேன். என் பெயிண்டுக்குக் கீழே ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. ஓட்டையின் விளிம்பைத் துடைத்து, பசை தடவி, திருநெல்வேலியிலிருந்து எப்போதோ வந்து சேர்ந்திருந்த புது டம்மியை வைத்து அடித்து இறக்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செத்த இன்ஜினுக்கு எதற்கு அதைப் போட்டேன் என்று தெரியவில்லை. கை பாட்டுக்குச் செய்தது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வெடித்திருந்தது, பிஸ்டன்கள் தீய்ந்து ஒட்டியிருந்தன. அந்த இன்ஜினில் தேறுவதற்கு ஒன்றுமே இல்லை.

பழைய டம்மி கையில் இருக்கும்போதே மதினி வந்து வாசலில் நின்றார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீய. மஞ்சப்பொடி போட்டதுனாலயா இன்ஜின் போச்சு? நாந்தான் டப்பாவோட எடுத்துக் கொடுத்தேன். திரும்பத் திரும்ப வண்டிய உங்ககிட்ட கொண்டாந்தா, தம்பி வேல சரியில்லன்னு ஸ்டாண்டுல பேசிருவாவன்னு அவிய சொன்னாவ."

மதினிக்குக் கண் கலங்கியிருந்தது. ராத்திரி முழுக்க அந்த டப்பாவையே நினைத்துக்கொண்டிருந்திருப்பார். பையில் கிடந்த டம்மியை எடுத்துக் காட்டி, இதுதான் மதினி காரணம், இதை விட்டது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டம்மி மாற்றுகிற நேரம்கூட ஆகாது.

"மஞ்சப்பொடி ரேடியேட்டர அடைச்சிரும் மதினி" என்றேன்.

உண்மைதான். அடைக்கும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. மதினி சரி என்று தலையசைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போவது தெரிந்தது.

வேன் கிடந்த கிடையிலேயே விலைக்குப் போனது. அண்ணன் இப்போது மறுபடியும் ஒருவரிடம் வேலை பார்க்கிறார். முதலாளி அவரைவிட இருபது வயது சின்னவர். விரல் சொடுக்குவதில்லை, போனில் அழைத்துத் திட்டுகிறார். மதினி என்னோடு முன்னைப்போலத்தான் பேசுகிறார். பொங்கலுக்குப் போனால் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிறார். நான்தான் அந்தக் குழம்பின் நிறத்தைப் பார்த்ததும் போதும் என்று கையைக் குறுக்கே வைக்கிறேன். டம்மி என் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் கிடக்கிறது. எறிந்துவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன்.

தினமும் காலையில் ரயிலுக்குப் போகிற வழியில் அண்ணன் என் ஒர்க்ஷாப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறார். இறங்கி, பானெட்டைத் தூக்கி, குனிந்து பார்க்கிறார். நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை. புளியரையில் நான் எடுத்த பாடத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. வேலைக்கு வண்டி விட வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி குரல் கொடுக்கிறார்.

"ஏலே, தண்ணி பாத்துட்டேன்."

பட்டும் திருந்தாத ஆட்கள் இருக்கிற ஊரில் உங்கள் அண்ணாச்சி எவ்வளவு பரவாயில்லை என்று யாராவது சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டே, "சரிண்ணே, பாத்துப் போங்க" என்கிறேன்.