முப்பத்தாறு மூடிகள்

மருத்துவமனையின் மருந்து கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் காலாவதியம்மா. பெயரைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள், ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிக் காலாவதித் தேதியைப் படிப்பாள், அதனால் வந்த பெயர். பெரிய டாக்டர் ஆசையாக நீட்டிய பிஸ்கட் பாக்கெட்டையே திருப்பிப் பார்த்தவள். இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. அதை அவளே சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். சொல்லட்டுமே, எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்?

அவளுடைய இன்னொரு பெருமை மொட்டை மாடியில் இருந்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பழைய பெயின்ட் டப்பா, அடி ஓட்டையான வாளி, யாரோ தூக்கிப்போட்ட குளியல் தொட்டி என்று கிடைத்ததையெல்லாம் மேலே ஏற்றி, மண்ணையும் மூட்டை மூட்டையாகத் தானே சுமந்து, தக்காளி போட்டிருந்தாள். கோடை வந்துவிட்டால் போதும், ஆளைப் பிடிக்க முடியாது. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் ஊற்றி, பக்கக் கிளைகளைக் கிள்ளி, காய்களை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். விரலில் ஒட்டின தக்காளி இலை வாசனையை மத்தியானம் வரைக்கும் கழுவ மாட்டாள். முதல் பழத்தை அங்கேயே, செடிக்குப் பக்கத்திலேயே நின்று, சாறு முழங்கை வரைக்கும் வழிய வழியத் தின்பாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்தால் நாலு வயசுப் பிள்ளை என்றுதான் சொல்வீர்கள்.

பழம் கொட்டோ கொட்டென்று கொட்டும் வாரத்தில் விழுது காய்ச்சுவாள். தோல் உரித்து, சுண்டக் காய்ச்சி, பாட்டிலுக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடி, பெரிய அண்டாவில் பாட்டில்களை மூழ்க வைத்து மறுபடி அவிப்பாள். எடுத்துத் துண்டின் மேல் அடுக்கினால், சூடு ஆற ஆற மூடியின் நடுப்பகுதி தானாக உள்ளே இழுத்துக்கொண்டு 'டக்' என்று உட்காரும். உட்கார்ந்தால் ஒரு வருஷம் கவலையில்லை. உட்காராமல் மேடாகவே நின்றால் அந்த பாட்டில் தேறாது. வருஷா வருஷம் ஒன்றோ இரண்டோ அப்படி நிற்கும், அவற்றை அந்த வாரமே சமைத்துத் தீர்த்துவிடுவாள்.

இதெல்லாம் அவளுடைய அக்காவுக்குக் கேலி. "கடையில கூப்பிட்டுக் குடுக்கறான், இவ மூணு மாடி மண்ணு சுமக்கறா!" சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டால் போதும், அக்கா இதை எடுத்துவிடுவாள். ஆசையாக ஒரு பாட்டில் நீட்டினால், "எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்கடி" என்று பதில் வரும். பத்து வருஷமாக ஒரு பாட்டில் அக்கா வீட்டுப் படியேறியதில்லை. காலாவதியம்மா சிரித்துக்கொண்டேதான் திரும்ப வாங்கி வைப்பாள். ஆனால் மனசுக்குள் சுருக்கென்று தைக்கும்.

இந்தக் கோடையில்தான் அக்கா மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. தனியாக ரூம் எடுத்துத் தங்கப் போகிறாள். போன் போட்டாள். "சித்தி, எனக்கு உங்க வீட்ல சாப்பிட்ட தக்காளி விழுது பத்து பாட்டில் வேணும். ஞாயித்துக்கிழமை அம்மாவும் நானும் வந்து எடுத்துட்டு, அப்படியே ஸ்டேஷன் போறோம்."

போனை வைத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவே நேரில் வந்து, தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போகப் போகிறாள்! அன்றைக்கு மருந்து வாங்க வந்தவர்கள் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடியும் முன்பே அடுப்பு மூட்டினாள். மத்தியானத்துக்குள் முப்பத்தாறு பாட்டில். கடைசி அண்டாவை இறக்கியபோது அன்றைய மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. புருஷன் ஸ்கூல் பஸ் டிரைவர், லீவு என்பதால் வீட்டில் சும்மா இருந்தார்.

"என்னங்க, ஆறுற வரைக்கும் ஒன்னையும் நகர்த்தாதீங்க."

"நான் எதுக்கு நகர்த்தறேன்?" என்றார் அவர்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பி வந்தால், வாசலிலேயே மனுஷன் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். "முப்பத்தாறும் உக்காந்துடுச்சு! ஒன்னு கூட தப்பல!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். உண்மைதான். அத்தனை மூடியும் சமத்தாக உள்வாங்கி இருந்தன. ஒரு நிமிஷம் பூரித்துப்போனாள். அடுத்த நிமிஷம் ஏதோ இடறியது. முப்பத்தாறுக்கு முப்பத்தாறா? இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்லையே.

"நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

"நகர்த்தவே இல்ல. கொஞ்சம் சோம்பேறி மூடிங்க இருந்துச்சு, அதுங்கள மட்டும் கட்டைவிரலால ஒரு அமுக்கு. டக்குனு உக்காந்துக்கிச்சு. கேக்க ஜோரா இருந்துச்சா, அப்பறம் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு..."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சூட்டோடு அமுக்கினால் உள்ளே காற்று இருந்தாலும் மூடி உட்கார்ந்த மாதிரி நடிக்கும். எது தானாக உட்கார்ந்தது, எது அவர் தயவில் உட்கார்ந்தது என்று இனி யார் கண்டுபிடிப்பது? நாலைந்து வாரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ரயில் நாளைக்கு.

விஷயம் புரிந்ததும் டிரைவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "பார்த்தா எல்லாம் ஒன்னு போலத்தானே இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியும். இன்னும் யாருக்குத் தெரியணும்?"

வெடுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. முப்பத்தாறில் முப்பத்து நாலு நல்லதாகத்தான் இருக்கும். பேசாமல் பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால், அக்கா முன்னால் தலைநிமிர்ந்து நிற்கலாம். கெட்டது இரண்டும் அந்தப் பத்தில் இல்லாமலே போகலாம். இருந்தால்? வெளியூரில் தனி ரூமில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆள் உண்டா? போதும், அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. பாட்டில்களை ஃப்ரிட்ஜிலும் பக்கத்து வீடுகளின் ஃப்ரிட்ஜிலும் திணித்துவிட்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறையும் திறந்தாள். ஒவ்வொன்றாகத் திறக்கும்போது வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்? ஒருமுறை திறந்த மூடி மறுபடி உதவாது. புது மூடி கைவசம் பதினாலுதான் இருந்தது. மறுபடி கொதிக்கவைத்து, ஊற்றி, அவித்து, பதினாலு பாட்டிலைத் துண்டின் மேல் வைத்தாள். டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரமாக நின்றார். பதினாலு 'டக்'கையும் தன் காதால் கேட்டு எண்ணினாள். மிச்சம் இருபத்திரண்டு பாட்டில் விழுது! கட்டடம் முழுக்க ஆள் அனுப்பி, "பாத்திரம் கொண்டு வாங்க, ரெண்டு நாள்ல தீர்த்துடணும்" என்றாள்.

பதினோரு மணிக்கு அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தபோது படிக்கட்டெல்லாம் கிண்ணமும் கையுமாக ஜனம்.

"என்னடி, கடை போட்டுட்டியா?"

"தப்பு என்னோடது அண்ணி" என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க" என்று அவரை நிறுத்திவிட்டு, காலாவதியம்மா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மூடியை அமுக்கினது, சந்தேகம் வந்தது, திறந்தது எல்லாம். அக்காவின் கேலிக்குத் தயாராகத்தான் நின்றாள்.

அக்கா பதினாலு பாட்டிலைப் பார்த்தாள், விழுது அடுக்கும் அலமாரி காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள். "ரெண்டு கெட்டிருக்கும்னு ஒரு வருஷத்து உழைப்ப எல்லாம் திறந்து ஊருக்குக் குடுத்துட்டியா?"

"எந்த ரெண்டுன்னு தெரியலக்கா. புள்ள தனியா இருக்கப் போறா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மகளின் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த புதுத் துணிகளில் பாதியை வெளியே எடுத்து வைத்தாள்.

"அம்மா, அது ஆபீசுக்குப் போட்டுக்கறது!"

"அங்க கடையே இல்லையா? துணி எங்க வேணா கெடைக்கும்." பத்து பாட்டிலையும் மிச்சத் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள், பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற பக்குவத்தோடு. தங்கை பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம்தான் சொன்னாள். "யாராவது எங்க வாங்கினேன்னு கேட்டா, எங்க சித்தி போட்டதுன்னு சொல்லு. எங்கம்மாவோட சொந்தத் தங்கச்சி. அதையும் சேத்துச் சொல்லு, விட்டுடாத."

காலாவதியம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கிண்ணத்தோடு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்று அழுதாள்.