கூட யாரு வந்திருக்கா?

நர்ஸ் வேலையில் சேர்ந்த ஒரு வாரத்திலேயே நாக்கில் ஒட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: “கூட யாரு வந்திருக்கா?” நீங்களும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு கடுத்தவர்கள்தானே, உங்களுக்குத் தெரியாததா? மருந்து வாங்க, கஞ்சி ஊட்ட, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட, எங்களிடம் திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் கூட ஒரு ஆள் வேண்டும். திண்டுக்கல்லில் இருபது வருஷம் இதைக் கேட்டே தொண்டை தேய்ந்தவள் நான்.

பெட்டி கட்டின அன்னைக்கு

சண்டை நடக்கும் ஒரு நாட்டின் ராணுவ ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்ய டாக்டர்களும் நர்சுகளும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. மூன்று மாசத்துக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. மனசு கேட்கவில்லை, அம்புட்டுதான்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்புகிற அன்று காலையில் ஜெபமாலையை என் கைப்பையில் போட்டுவிட்டுக் கேட்டார்: “எல்லாரையும் கேப்பியே செலின், அங்க ஒனக்குக் கூட யாரு இருக்கா?”

பழக்கதோஷம்

அங்கே எங்கள் வார்டு தரைக்குக் கீழே இருந்தது. மேலே எப்போது குண்டு விழும் என்று தெரியாது. டாக்டர் வேலுச்சாமி ஒட்டன்சத்திரத்துக்காரர், என்னைப் போலவே தொண்டுக்கு வந்தவர். அந்த நாட்டுப் பேச்சை எங்களுக்கு இங்கிலீஷிலும், எங்கள் இங்கிலீஷை அவர்கள் பேச்சிலும் மாற்றிச் சொல்ல லீனா என்ற உள்ளூர்ப் பெண் இருந்தாள்.

முதல் நாளே ஒரு சிப்பாயைக் கொண்டுவந்தார்கள். கால் முழுக்கக் குண்டுச் சிதறல். அவன் பேர் என் வாயில் நுழையவில்லை. கழுத்தில் அந்தோணியார் மெடல் கிடந்தது, அந்தோணி என்றே கூப்பிட்டேன். காயத்தைக் கழுவிக்கொண்டே, பழக்கதோஷத்தில், அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். போர்முனையிலிருந்து வருகிறவனிடம் யாராவது இதைக் கேட்பார்களா? லீனாவே ஒரு நிமிஷம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் அவனிடம் சொன்னாள். அவன் முகம் தெளிந்துவிட்டது. ஆமாம், ஒருத்தன் இருக்கிறான். அடிபட்ட இடத்திலிருந்து இவனை முதுகில் தூக்கி வந்து வண்டியில் ஏற்றியவன். அவனுக்குச் சூசை என்று பேர் வைத்துக்கொள்ளுங்கள். “சூசை பின்னாடி வண்டியில வாரான். இனிமே எதுன்னாலும் அவனக் கேட்டுத்தான் செய்யணும்.”

பாதி ரொட்டி

அடுத்த நாள் பூராவும் சூசை வரவில்லை. வேறு வேலையில் மாட்டியிருப்பான் என்று நானும் நினைத்தேன். அந்தோணிக்குச் சாப்பிடக் கொடுத்தால் ரொட்டியில் பாதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான், சூசைக்காம். எனக்கு ஊர்ப் புத்தி எங்கே போகும்? “ஏலே, எறும்பு மொய்க்கப் போகுது!” என்று தமிழும் இங்கிலீஷுமாக ஒரு சத்தம் போட்டேன். அந்தக் குளிரில் எறும்பாவது ஒன்றாவது! லீனா அதையும் வரி விடாமல் அவனிடம் சொல்லிவிட்டாள். வலியோடு சிரித்தான் பாவிப்பய: “எறும்பு வந்தா தின்னுட்டுப் போகட்டும், சூசைக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க.”

மூணாம் நாள் காலையில

கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தங்கும். சாயந்தரம் வரைக்கும் விட்டால் தங்காது. அந்தோணி மாட்டேன் என்கிறான். சூசை வரட்டும், அவன் சொல்லட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறான். சூசை எங்கே என்று வண்டியில் வந்தவர்கள் பட்டியலைப் புரட்டிய லீனாவின் முகம் மாறியது. அன்றைக்குப் பின்னாடி வந்த வண்டியில் சூசை குண்டு பட்டு உயிரில்லாமல்தான் வந்து சேர்ந்திருக்கிறான். ரோடு அடைபட்டதால் ஊருக்கு அனுப்ப வழியில்லாமல், மேலே தோட்டத்துக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடக்கிறான்.

முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் தானே முடிவு பண்ணியிருப்பான். இல்லாத ஆளுக்காகக் காத்திருக்க வைத்தது நான்தானே? ‘சூசை வேற ஆஸ்பத்திரியில இருக்கான், சரின்னு சொல்லிட்டான்’ என்று சொல்லிவிடட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஊரில் இந்த மாதிரி எத்தனை சொல்லியிருக்கிறோம்! அவர் சத்தம் போடவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஏனுங்க சிஸ்டர், காலை எடுத்துட்ட பொறகு அவன் கண்ணு முழிச்சுக் கூட்டாளி எங்கேன்னு கேப்பானுங்களே, அப்ப யாருங்க சொல்றது?”

அவன் கேட்டது

அந்தோணியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். லீனா மாற்றிச் சொன்னாள். அவன் அழவில்லை. சூசையை நீங்கள் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டான். நான் பார்க்கவில்லையே! “செத்த நேரம் இரு, வாரேன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு படி ஏறிக் கொட்டகைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தது பார்த்தபடி சொன்னேன். முகத்தில் காயம் இல்லை. கண் மூடியிருக்கிறது. ஒரு பூட்ஸில் கயிறு அவிழ்ந்து கிடந்தது, கட்டிவிட்டு வந்தேன். அந்தக் கயிற்றைச் சொன்னதும்தான் அந்தோணி உடைந்து அழுதான். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: “இப்ப அவன் கூட யாரு இருக்கா?”

கொட்டகையில்

யாருமில்லை என்று எந்த வாயால் சொல்ல? “நான் இருக்கேன்” என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். தலையணைக்கு அடியில் இருந்த ரொட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தான். ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டியவள் நான். ‘நாங்க பாத்துக்கறமுங்க, நீங்க போங்க’ என்று டாக்டரே அனுப்பிவிட்டார்.

ரொட்டியைச் சூசையின் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். ஜெபமாலை ஒரு சுற்று முடிந்தது. அப்புறம் என்ன செய்ய? சும்மா இருக்க முடியாமல் பேச ஆரம்பித்தேன். வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்க வைக்கிற வெஞ்சனம், நிலக்கோட்டைப் பூ, கோபத்திலும் ஜெபமாலையை எடுத்துக் கொடுத்த என் வீட்டுக்காரர் என்று வாய்க்கு வந்ததெல்லாம் தமிழில் சொன்னேன். பெற்ற தாய் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேனே என்று அழுகை அழுகையாக வந்தது. கடைசியில் லீனா மூச்சு வாங்க ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “முழிச்சுட்டான் சிஸ்டர். கால கேக்கல, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களான்னு கேட்டான்.”

மறுபடியும் திண்டுக்கல்

ஊருக்கு வந்து பழைய டியூட்டியில் சேர்ந்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் வாயில் வர மாட்டேன் என்கிறது. போன வாரம் நத்தத்திலிருந்து ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். கூட யாரு என்று கவுண்டரில் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். “செலின்னு எழுதுப்பா” என்றேன். கவுண்டர்ப் பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்: “ஏன்க்கா, ஒங்களுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரங்களா?”

இத்தனை வருஷ சர்வீஸில் நான் கொடுத்த மருந்தெல்லாம் டாக்டர் எழுதியது. நானாகக் கொடுத்தது கொட்டகையில் உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரம்தான், அதுவும் நாடி பார்க்க வேண்டியிராத ஒருத்தனுக்கு.