பல்லடம் தாண்டித்தான் டீ

அன்று காலை பனியன் கம்பெனி வேன் வழக்கமான நேரத்துக்கே வந்தது. ஓட்டி வந்தவர் மட்டும் வேறு ஆள். குண்டடம் நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்த எங்களிடம், "ஆறுமுகண்ணன் போயிட்டாருங்க. ராத்திரி நெஞ்சு வலி" என்றார். ஏறி உட்கார்ந்தோம். ஷிப்மெண்ட் நாள் என்பதால் லீவு கிடைக்கவில்லை. வேலை முடிந்து அதே வேனில் அவர் வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பாதிப் பேர் அழுதபடியே தூங்கிப்போனோம்.

கேன்டீன் சுவரில் அவர் படத்துக்குக் கீழே ஆளுக்கு நாலு வரி எழுதி ஒட்டலாம் என்று சொன்னார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடமும் பத்தாவதோடு நின்றுவிட்டது. முன்பு நம்மோடு இதே வேனில் வந்த என் அண்ணிதான், "நீயே எழுது கண்ணு, என் கதையைச் சொல்லியே எழுது" என்றார். நாலு வரிக்குள் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வேனில் வந்த நம் எல்லோருக்கும் அவர் மேல் ஒரு கோபம் இருந்தது. போன வருஷம் அவர் டீக்கடையை மாற்றினாரே, அந்தக் கோபம்.

அண்ணிக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டு முறையும் முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். பிறகு எல்லோரும் வந்து துக்கம் கேட்டார்கள். மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது, மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அண்ணன் வேலைக்குப் போய்விட்டதால் டாக்டரிடம் அண்ணியோடு நான்தான் போனேன்.

கருவைத் தங்க வைப்பதும் வாந்தி வர வைப்பதும் உடம்பில் ஊறும் ஹார்மோன்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணியின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவாக இருந்தது. "குழந்தை கழுத்துல அந்தச் சுரப்பி இன்னும் வேலைக்கு வரலம்மா. இந்த முதல் மாசங்கள்ல அதோட மூளை வளர்றதுக்கு நீங்க குடுக்கற ஹார்மோன்தான். உங்களுக்கே பத்தலைன்னா அது எங்க போகும்?" என்றார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. அவ்வளவுதான் வைத்தியம். கேட்க எளிதாக இருந்தது.

வீட்டில் போட முடியாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை சூடு, கரு தங்காது என்பது அம்மாவின் கட்சி. அதனால் அண்ணி மாத்திரைப் பாட்டிலைப் பையில் மறைத்து எடுத்துவந்து, வேனில் ஏறியதும் போட்டுக்கொள்வார். ஏறிப் பத்து நிமிஷத்தில் டீக்கடை வந்துவிடும். டம்ளர் கைக்குக் கை மாறி எல்லா சீட்டுக்கும் வரும். நம் வேனில் ஒரு பொம்பளை டீ வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். "ஏம்புள்ள, விசேஷமா?" என்று கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே அண்ணி டீயைக் குடித்துவிடுவார். அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் குறைவு மாறவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். திரும்பும் வழியில் அண்ணி, "இதும் போயிருமா கண்ணு?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

மறுநாள் வேன் ஒரு பள்ளத்தில் குலுங்கியதில் அண்ணியின் பை சரிந்து, பாட்டில் உருண்டு டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கம்பெனியில் இறங்கும்போது ஆறுமுகண்ணன் அதை எடுத்து நீட்டினார்.

"தைராய்டுங்களா? எனக்கும் இதே பாட்டில்தானுங்க. டீயோட போட்டா ஒடம்புல ஒட்டாதுங்க. எங்க டாக்டர் வெச்சுத் திட்டுனாரு."

"தெரியுங்ண்ணா," என்றார் அண்ணி. அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். ஆறுமுகண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் வேன் டீக்கடையில் நிற்காமல் போனது. நீங்கள் எல்லோரும் கத்தினீர்கள். "அந்தக் கடைல தண்ணி செரியில்லீங்க. இனிப் பல்லடம் தாண்டித்தான் டீ," என்றார். பல்லடம் தாண்ட நல்ல ஒரு மணி நேரம் ஆகும். ருக்மணி அக்காவுக்குக் காலை டீ இல்லாவிட்டால் தலைவலி வந்துவிடும்.

"ஏனுங்ண்ணா, பல்லடத்துக் கடைக்காரி உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"ஆமாங்கம்மிணி. பொண்ணு பாத்து வெச்சிருக்கறேன்."

"இந்த வயசுல இது வேறயா! ஊட்டுல அக்காகிட்டச் சொல்றேன் இருங்க."

"சொல்லுங்க. அவளும் ஒரு டீ குடிக்க வரட்டும்."

சிரிப்பு ஒரு வாரம்தான் தாங்கியது. பிறகு ஆபீஸில் புகார் போனது. மேனேஜர் அவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசினார். அப்போதும் தண்ணி சரியில்லை என்ற ஒரே பதில்தான். அவர் காதோரம் வியர்வை இறங்கியதைப் பார்த்தேன். நான் வாய் திறந்திருந்தால் அண்ணியின் மூன்று மாத ரகசியம் உடைந்திருக்கும். மாலை வேனில் ஏறும்போது, "சங்கடப்படாத கண்ணு. திட்டு கேட்டா ஆளு தேஞ்சா போயிருவான்?" என்றார்.

அடுத்த பரிசோதனையில் அளவு சரியாகியிருந்தது. மூன்று மாதம் முடிந்து விஷயத்தைச் சொன்னோம். அப்போதும் டீக்கடைக்கான காரணத்தை அவர் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாத அந்த மாத்திரை இருக்கும்வரை அண்ணிக்கு அந்த இடைவெளி வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஏழாம் மாதம் அண்ணி வேலையை விட்டார். மறுநாளே வேன் பழைய கடையில் நின்றது. "தண்ணி நல்லாயிருச்சுங்க," என்றார். "இந்தாளுக்குப் புத்தி பிசகிருச்சு," என்று ருக்மணி அக்கா சொன்னதற்கு எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்கள். அடுத்த நாள் வேனில் ஏறும்போது நீங்கள் எல்லோரும் நிறம் கேட்டீர்கள், சாடை கேட்டீர்கள். அவர் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ரத்தம் பாத்தாங்களா?" என்றார்.

"பாத்தாங்கண்ணா. நல்லாருக்குதுங்க."

"செரி, உக்காரு கண்ணு. நேரமாச்சு," என்று கியரைப் போட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ருக்மணி அக்கா, உங்கள் தலைவலிக்கெல்லாம் காரணம் இதுதான். குழந்தை இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது. ஒரு நாள் வந்து பாருங்கள்.

போன திங்கட்கிழமை புது டிரைவர், டீக்கு எங்கே நிறுத்துவது என்று கேட்டார். யாரும் சொல்லாததால், "பல்லடம் தாண்டி நிறுத்துங்ண்ணா," என்று நான் சொன்னேன். வேனில் எல்லோருக்கும் கேட்கும்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை. "யாருக்குடி அவ்வளவு தள்ளி டீ வேணும்?" என்று ருக்மணி அக்கா கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. வேன் நிறையப் பெண்கள் போகிறோம். யாருக்கு அந்தச் சொல்லக் கூடாத மாதங்கள் நடக்கின்றனவோ, அவர் சொல்லப்போவதில்லை. ஆறுமுகண்ணனைப் போல நானும் கேட்கப்போவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். டீ கொஞ்சம் தள்ளியே கிடைக்கட்டும்.