கோமதிநாயகம் எம்.ஏ., கேர் ஆஃப் உரக்கடை

ராயகிரி பஸ் கண்டக்டர்தான் செய்தி கொண்டுவந்தார். காலை பத்து மணி இருக்கும். என் உரக்கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, படியிலிருந்து இறங்காமலே, "அண்ணாச்சி, ஒங்க மருமவன் சாரு தவறிட்டாரு" என்றார். மஞ்சள் காமாலை. படுத்துப் பதினெட்டே நாள். நான் போட்ட சத்தம் கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் கேட்டது என்று சொல்கிறார்கள். நம்பாதவர்கள் அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

என் தங்கை மகன் கோமதிநாயகத்தை உங்களுக்கெல்லாம் தெரியும். அவனைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் எட்டை இரண்டு தரம் படித்தவன், ஆகவே பதினாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் சென்னையில் படித்தது வட்டார ஆய்வில் எம்.ஏ. பர்மா, மலேயா, ஜாவா என்று கடலுக்கு அந்தப் பக்கத்து நாடுகளின் மண், மழை, ஜனம், சரித்திரம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிற படிப்பு. அவன் தேறி வந்த அன்றைக்கு மாலையும் மேளமுமாக பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டேன். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பாதியாவது சேர்ந்திருக்கும். எதிர் சலூன் பிச்சையா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, "இந்தப் படிப்புக்கு என்ன வேலைவே?" என்று கேட்டான்.

"தூதர் வேலைவே. பர்மாக்காரனுக்கும் நமக்கும் சண்டைன்னா என் மருமவன்தான் போயி விலக்கிவிடணும்."

"சரி, சண்டை வரட்டும். அதுவரைக்கும் ஒம்ம கடையில மூடை தூக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கோமதி மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, "வாங்க மாமா, பாக்காங்க" என்று மட்டும் சொன்னான்.

திருநெல்வேலி வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த குமாஸ்தா பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினார். சரித்திரம் உண்டு, பூகோளம் உண்டு, பொருளாதாரம் உண்டு. "ஒங்க படிப்புக்கு நம்பரே இல்லியே தம்பி. எதுல போட?" என்றார். கடைசியில் பதிவு அட்டையில் ‘பிற’ என்று எழுதினார். ராயகிரியில் அவன் வீடு வயலுக்கு நடுவே இருந்ததால் தபால் சமயத்துக்குப் போகாது. அதனால் முகவரிக்கு என் கடையைக் கொடுத்தான். மறுநாளிலிருந்து பதினோரு மணித் தபாலுக்கு பஸ் ஏறி வந்து, யூரியா மூடைமேல் உட்கார்ந்திருப்பான். ஏழு வருஷம் உட்கார்ந்தான். ஒருநாள் சொன்னான்: "ஜாவாவுல எந்த மலைக்கு எந்தப் பக்கம் மழை பெய்யும்னு கேளுங்க மாமா, சொல்லுதேன். இந்த ஜில்லாவுல எனக்கு எந்த ஆபீஸ்ல நாற்காலி கெடக்குன்னு கேட்டாத்தான் தெரியல."

சரித்திர ஆசிரியர் வேலைக்கு எழுதிப்போட்டால், இது சரித்திரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் பட்டம் சரித்திர எம்.ஏ.வுக்குச் சமம் என்று யுனிவர்சிட்டி ஒரு தாள் தரவேண்டும். அந்தத் தாளுக்கு நடந்தே மூன்று வருஷம் போயிற்று. அது கைக்கு வந்தபோது வயது வரம்பு முடிய நாலு மாசம்தான் பாக்கி. அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் இண்டர்வியூ வந்தது. கல்லூரிச் செயலாளர் என் கடை வாடிக்கையாளர்.

"நீங்க வந்தா எனக்குத் தைரியம் மாமா. ஆனா அங்கன வாயத் தொறக்கப்பிடாது. கும்பிட்டுக் கேக்கேன்" என்றான்.

உள்ளே அவன் வெளுத்து வாங்கியிருக்கிறான். செயலாளரே வெளியே வந்து என் தோளைத் தொட்டு, "பையன் தங்கம் அண்ணாச்சி. இங்கன நெலச்சு நிப்பாரா?" என்று கேட்டார். ‘நிப்பான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் என்றைக்கு ஒரு வார்த்தையோடு நின்றிருக்கிறேன்?

"என்ன அப்பிடிக் கேட்டுட்டீங்க! டெல்லிக்காரன் தந்தி மேல தந்தி அடிக்கான். ரங்கூனுக்குப் போ, ரங்கூனுக்குப் போங்கான். தாய்மாமன் நான்லா பிடிச்சு வச்சிருக்கேன்!"

மதிப்புக் கூடும் என்றுதான் சொன்னேன். கோமதியம்மன் சத்தியம். செயலாளர் சிரித்துக் கும்பிட்டார். "அப்பிடிப்பட்டவர நாங்க கட்டிப்போடப்பிடாது அண்ணாச்சி. போற எடத்துல நல்லா இருக்கட்டும்." என் மருமகன் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சொன்னீங்களே மாமா, ரங்கூனுக்குப் போற அந்தக் கோமதி. அவனுக்கு என்ன கொறை? அவன ஒரு தடவை பாத்துட்டு வரணும் போல இருக்கு" என்றான். அதைப் பற்றி அதற்குமேல் சாகிறவரைக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

வரம்பு முடிந்தது. கடையநல்லூரில் ஒரு டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து, வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தான். கப்பலையே பார்க்காதவன், போகிற ஊரின் வெயில், காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் ஒவ்வொருவருக்கும் படம் போட்டுச் சொல்லி அனுப்புவான். அவன் தவறிய அன்றைக்குத் துஷ்டி வீட்டுக்கு அங்கிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். விடுப்பில் வந்திருந்த ஒருவர் என் கையைப் பிடித்து, "எறங்கிப் பாத்தா சாரு சொன்ன மாதிரியே இருந்துச்சு மாமா" என்று அழுதார்.

டிராவல்ஸ் கடையில் இருந்தபோதும் பதிவு அட்டையைப் புதுப்பிக்க அவன் தவறியதில்லை. வயது வரம்பைத் தளர்த்தப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். கெடு அந்த வாரமே முடிகிறது. திருநெல்வேலிக்குப் போனேன். அதே குமாஸ்தா, தலை நரைத்திருந்தது. "ஆள் எங்கன?" என்றார்.

"வேலை தேடிப் போயிருக்கான்."

நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். அட்டையை நீட்டினேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

கோமதியுடையது என்று என்னிடம் இருப்பது அந்த அட்டை ஒன்றுதான். இன்னும் மூன்று வருஷத்துக்கு அது செல்லும். பதினோரு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால், யூரியா மூடைமேல் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடுகிறேன். கடிதம் வந்தால் என் கடைக்குத்தான் வரவேண்டும்.