திறக்காத டச்சு விசிறி

ஊறப்போட்ட பனையோலையின் வாசனை தெரியுமா உங்களுக்கு? மழை விட்டதும் ஓலைக்கூரையிலிருந்து ஒரு வாசனை வருமே, அதோடு கொஞ்சம் சாயத்தின் நெடியும் சேர்ந்தால்... அதுதான். எனக்கு இருபது வயதில் தலைமுடி, துணி, தின்கிற சோறு எல்லாவற்றிலும் அந்த வாசனைதான்.

பழவேற்காட்டில் பெண்கள் சேர்ந்து ஓலைப்பெட்டி முடைகிற குழு ஒன்றில் வேலை பார்த்தேன். ஒருநாள் டச்சுக் கல்லறையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரம்மா ஒருவர், அப்படியே எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்து ஒரு படத்தை நீட்டினார். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு இருந்த காலத்துப் பெண் ஒருத்தி, கையில் விரித்த விசிறி. இதேபோல மடக்கு விசிறி ஓலையில் வேண்டும், கல்லறை பார்க்க வருகிறவர்கள் ஆசையாக வாங்குவார்கள் என்றார்.

எல்லாரும் தலையை ஆட்டிவிட்டோம். அவர் போன பிறகுதான் குழப்பம்.

படத்தில் விசிறி விரிந்திருந்தது. அது மடங்குவது எப்படி? ஒருத்திக்கும் தெரியவில்லை. ஜமீலா அக்கா சாதாரணப் பனை விசிறியை நடுவில் வெட்டி, கதவு மாதிரி சேர்த்துத் தைத்தார். அது மடங்கியது என்னவோ உண்மை... ஆனால் விசிறினால் காற்று வராமல் சத்தம்தான் வந்தது.

குழுவை நடத்திய மேடம் ஒரு வாரம் கெடு கொடுத்தார். யாருடைய சாம்பிள் சரியாக வருகிறதோ, அவருக்குச் சென்னையில் டிசைன் டிரெயினிங். ஆறு மாதம், அங்கேயே தங்க வேண்டும்.

எனக்குப் போக வேண்டும். உயிரே போகிற மாதிரி ஆசை. ஆனால் அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. குப்பத்து வீட்டில் நானும் நைனாவும் மட்டும். எங்கள் பக்கம் அப்பா என்றால் நைனா.

கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"விசிறிய இன்னாத்துக்குமா மடிக்கணும்? காத்து வேணும்னா விசிறு. வேணாம்னா ஓரமா வையி."

"அது டச்சுக்காரங்க ஸ்டைலு நைனா."

"அவங்க ஊரு குளிருன்னு சொல்றாங்க. குளிருல இன்னாத்துக்கு விசிறி?"

அது எனக்கும் சத்தியமாக இன்றுவரை தெரியாது.

சென்னைப் பேச்சை எடுத்ததும், வலையின் அடுத்த முடிச்சை இழுத்து இறுக்கினார்.

கடைசியில் வழி காட்டியது நைனாவின் பழைய குடை. அடியில் எல்லாம் ஒரே இடத்தில் கோத்திருக்க வேண்டும், மேலே மட்டும் விலக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்! இருபது ஓலைப்பட்டை நறுக்கி, அடியில் ஓட்டை போட்டு, அந்தக் குடைக்கம்பியிலேயே ஒரு துண்டை உடைத்துக் கோத்தேன். மேலே பட்டைக்குப் பட்டை வலை நூலால் கட்டினேன். இரண்டு பட்டைகளுக்கு நடுவே இரண்டு விரல் அளவு நூலைத் தொங்க விட்டேன். அந்தத் தொங்கல் இருந்தால்தான் விசிறி விரியும்.

விரிந்தது. மடங்கியது. ஐம்பது தடவையாவது செய்து பார்த்திருப்பேன். நைனாவிடமும் விரித்துக் காட்டினேன். அவர் விசிறியைப் பார்த்தாரா, "என் குடைய இன்னாமா பண்ண?" என்று குடையைத்தான் பார்த்தாரா... இந்த ஒன்று மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வருவதில்லை.

மறுநாள் காலை விசிறியை மடக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்ததும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

மேடம், வெள்ளைக்காரம்மா, எல்லார் முன்னாலும் ஸ்டைலாக உதறினேன். திறக்கவில்லை. இன்னொரு உதறல். ம்ஹூம். உற்றுப் பார்த்தால், தொங்கிய நூலையெல்லாம் பட்டைகளில் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கி, ஒவ்வொன்றிலும் வலை முடிச்சு! விசிறி ஒரே கட்டையாக இருந்தது.

அந்த அம்மா அதை வாங்கித் தன் முகத்துக்கு நேரே இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாவம், டிசைனே அதுதான் என்று நினைத்திருப்பார்.

கதவு விசிறியோடு ஜமீலா அக்கா சென்னைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இன்னா நைனா பண்ணி வச்சிருக்க?"

"நூலு லூசா தொங்கினு இருந்துச்சுமா. லூசா வுட்டா மீனு பூடும்ல?"

நியாயம்தான். எங்கள் குப்பத்தில் தளர்ந்த முடிச்சைப் பார்த்துவிட்டு எந்த ஆம்பிளையும் சும்மா தாண்டிப் போகமாட்டான். அடுத்த வீட்டு ஆட்டுக் கயிறாக இருந்தாலும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போவான். கை தானாகப் போகும். ஆனால் அதைச் சொல்லும்போது நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் நண்டுக் குழம்பு வைத்துவிட்டு, சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்தார்.

இப்போது மீஞ்சூரில் இருக்கிறேன். வேலை, குடும்பம், ஏசி எல்லாம் ஆயிற்று. நைனாவும் என்னோடுதான். போன மாதம் கரண்ட் போன ஒரு மத்தியானம், பெட்டியைக் குடைந்து அந்த விசிறியை வெளியே எடுத்தார்.

"இது ஏம்மா தொறக்க மாட்டுது?"

சிரிப்பதா அழுவதா தெரியாமல் கத்தரிக்கோலைத் தேடினேன்.

"அறுக்காதம்மா. நூலு நல்ல நூலு. அவுக்கலாம்."

அன்றிலிருந்து ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தாலே பெரிது. இதுவரை ஆறு. விசிறி கொஞ்சம் வாயைத் திறந்திருக்கிறது.

நேற்று மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "நைனா, நான் சென்னைக்குப் போவக்கூடாதுன்னு வேணும்னேதான் கட்டுனியா?"

ஊசி நின்றது. நிமிரவில்லை.

"இருட்டா கீது பாரு... லைட்டப் போடும்மா."

பகல் பதினொரு மணி. ஜன்னல் வழியாக வெயில் அவர் மடியிலேயே விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்து நானாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். இப்போது எழுந்து போய் லைட்டைப் போட்டேன்.