எடை குறையக் குறையக் கைதட்டினோம்

மூன்று வருடத்துக்கு முன்பு, மதுரை பைபாஸ் ரோட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எடைக் குறைப்புப் போட்டி வைத்தார்கள். மூன்று மாதம், திங்கள்தோறும் எடை மெஷினில் ஏற வேண்டும். அதிகம் குறைப்பவருக்குப் பரிசு. எனக்கு வாய் நீளம் என்பதால் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். முதல் நாளே எல்லோரையும் போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

என் பக்கத்து சீட்டுக்காரி வில்லாபுரத்திலிருந்து வருவாள். பூசினாற்போல உடம்பு, எந்நேரமும் சிரிப்பு. நான் வடையைக்கூடத் தொடாமல் ஒரு கிலோ குறைக்கத் திண்டாடினேன். அவளுக்கோ வாராவாரம் மளமளவென்று இறங்கியது. எனக்கு உள்ளூரப் பொறாமைதான்.

ஒரு நாள் மத்தியானம், பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, நான் ஒண்ணுமே செய்யலக்கா, அதுவா குறையுது. ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சு போகுது. டாக்டர்ட்ட காமிக்கட்டுமா?"

"அடிப்பாவி! நாங்க அம்புட்டுப் பேரும் பட்டினி கெடக்கோம், உனக்கு மட்டும் சும்மா குறையுதா? போட்டி முடியட்டும், அப்புறம் போ. இப்பப் போனா டானிக்கக் குடுத்து ஏத்தி விட்டுருவாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டாக்டரிடம் போகவில்லை.

கடைசித் திங்களன்று பதினான்கு கிலோ குறைந்திருந்தாள். சுடிதார் தொளதொளவென்று தொங்க, வந்து பரிசு வாங்கினாள். அப்படிக் கைதட்டினோம். அந்தப் படத்தையும் நானே எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

அடுத்த வாரமே வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது. "எடை குறைய ஆரம்பிச்சப்பவே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது நான் கட்டிலருகில்தான் நின்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பாவி, என்னைத் திட்டியாவது இருக்கலாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் அவள் கணவர் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம். அவள் பரிசு வாங்கிய படத்தை எடுத்து நீட்டினேன்.

"இது வேணாம்க்கா. அந்தப் பழைய படத்தக் குடுங்க. அதுலதான் அவ நல்லா இருக்கா."

போர்டிலிருந்து அதைப் பிரித்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் யாராவது மெலிந்து எதிரே வந்தால், "நல்லாச் சாப்பிடுறியா?" என்றுதான் முதலில் கேட்கிறேன், அவள் பாதிச் சாப்பாட்டை மூடிய அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.